வதைமுகாம் நாவல் ஏமாற்றிவிட்டதா? அடுத்து என்ன செய்யலாம்

ராத்திரி ஒரு மணி வரை விழித்திருந்து படித்து முடித்து, கடைசி அத்தியாயத்தில் நன்றாக அழுது, மறுநாள் காலை பல் தேய்க்கும்போது ஏதோ ஒன்று உறுத்த ஆரம்பிக்கும். "இது எப்படி நடந்திருக்க முடியும்?" யூத இனப்படுகொலையைப் பின்னணியாக வைத்த நாவல்களில் எனக்கு இது மூன்று நான்கு முறை நடந்துவிட்டது. முதல் தடவை என்ன செய்வதென்றே தெரியவில்லை. அழுததற்காக வெட்கப்படுவதா, எழுதியவர் மேல் கோபப்படுவதா, இல்லை நமக்குத்தான் விஷயம் தெரியவில்லையா? கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வழி பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். புத்தகக் கண்காட்சியில் வாங்கிய நாவல், பெயர் வேண்டாம். 1942 இலையுதிர் காலத்தில் கதாநாயகியை ஏற்றிவந்த சரக்கு ரயில், போலந்தில் ஜெர்மானியர்கள் நடத்திய ஆஷ்விட்ஸ் முகாம் தொகுதியின் ஒரு பகுதியான பிர்க்கெனாவ் முகாமின் அந்தச் செங்கல் வளைவுக்கு அடியில் புகுந்து உள்ளே போய் நிற்கிறது. நீங்களும் படத்தில் பார்த்திருப்பீர்கள்: நீளமான கட்டடம், நடுவில் கோபுரம், தண்டவாளம் நேராக அதற்குள் ஓடும். காட்சி கண்முன்னே வந்துவிடும், அதனால் படிக்கும்போது சந்தேகமே வராது. எனக்கும் வரவில்லை. வேறு ஏதோ தேடும்போதுதான் தெரிந்தது, அந்த வளைவுக்குள் போகும் தண்டவாளம் 1944 வசந்தத்தில்தான் போடப்பட்டது. அதுவரை வந்த ரயில்கள் பழைய ஆஷ்விட்ஸ் முகாமுக்கும் பிர்க்கெனாவுக்கும் நடுவே இருந்த ஒரு சரக்கு மேடையில் நின்றன. அங்கே இறங்கியவர்களை நடத்தியோ லாரியில் ஏற்றியோ கொண்டுபோனார்கள்.

"தண்டவாளத்தில் என்ன இருக்கிறது, விடுங்களேன்" என்று ஒரு நண்பர் சொன்னார். சரி, என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அந்தத் தண்டவாளத்தை உள்ளே இழுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது: ஹங்கேரி யூதர்கள். 1944 மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, எட்டு வாரத்துக்குள், ஏறக்குறைய 4,40,000 பேரை ஹங்கேரியிலிருந்து ஏற்றி அனுப்பினார்கள். பெரும்பாலோர் வந்து சேர்ந்த இடம் பிர்க்கெனாவ். அவ்வளவு கூட்டத்தையும் நேராக நச்சுவாயு அறைகளின் பக்கத்திலேயே இறக்குவதற்காகத்தான் தண்டவாளம் உள்ளே வந்தது. கொலையை வேகப்படுத்த ஒரு பொறியாளர் வரைபடம் போட்டு, ஆட்கள் வேலை செய்து முடித்திருக்கிறார்கள். 1942-க்கே அந்த ரயிலை உள்ளே விட்டால் இது மொத்தமும் காணாமல் போய், படத்துக்கு அழகான ஒரு வாசல் மட்டும் மிஞ்சுகிறது.

முதலில் செய்ய வேண்டியது, எந்த ஏமாற்றம் என்று பிரித்துப் பார்ப்பது. எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து "மோசமான நாவல்" என்று சொல்லிவிட்டால் நமக்கும் தெளிவு வராது, கேட்பவருக்கும் வராது. வரலாறு தப்பாக இருக்கலாம். வரலாறு சரியாக இருந்து நாவலாகத் தேறாமல் போகலாம், அதாவது பாத்திரங்கள் அட்டைப் பொம்மைகளாக, பக்கத்துக்கு ஒரு தற்செயலாக. மூன்றாவது வகைதான் பிடிபடச் சிரமமானது: எல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் படித்து முடித்ததும் மனதுக்கு இதமாக இருக்கும். காதலர்கள் சேர்ந்துவிட்டார்கள், கெட்டவன் செத்துவிட்டான், ஒரு காவலாளிக்குக்கூட இரக்கம் இருந்தது, அப்பாடா. 11 லட்சம் பேர் செத்த இடத்தைப் பற்றிப் படித்துவிட்டு அப்பாடா என்று எப்படி வருகிறது என்ற உறுத்தல் அது. என் நாவலில் தண்டவாளம் தொடக்கம்தான். யோசிக்க யோசிக்க எனக்கு உண்மையில் பிடிக்காதது அந்த இதம்தான் என்று தெரிந்தது.

நான்காவதாக ஒன்று உண்டு, அதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்பதற்காகக் கோபப்படுவது. கதாநாயகன் செத்துவிட்டான், படிக்கவே முடியவில்லை, சோகமாக இருக்கிறது என்றெல்லாம் சொன்னால் அதில் நாவலின் தப்பு எதுவும் இல்லை.

அடுத்து அட்டையைத் திருப்பிப் பாருங்கள். "உண்மைக் கதை" என்று போட்டிருக்கிறதா, "உண்மைச் சம்பவங்களை அடிப்படையாகக் கொண்டது" என்றா, "உண்மைச் சம்பவங்களின் தூண்டுதலில்" என்றா? ஒவ்வொன்றும் ஒரு படி இறங்குகிறது. பின்னுரையையும் படியுங்கள், நம்மில் பலர் கதை முடிந்ததும் மூடிவிடுகிறோம். எதை மாற்றினேன், எந்தப் பாத்திரம் கற்பனை என்று எழுதியவர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் என் கோபம் பாதியாகக் குறைந்துவிடும். சொல்லாமல், அட்டையில் மட்டும் "உண்மை" என்று விற்றிருந்தால் இரண்டு மடங்காகும்.

இதற்கு நன்கு தெரிந்த உதாரணம் 2018-இல் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்ற 'தி டாட்டூயிஸ்ட் ஆஃப் ஆஷ்விட்ஸ்'. மையப் பாத்திரம் உண்மையான ஆள். லாலி சோகொலோவ் ஸ்லோவாகியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட யூதர், முகாமில் கைதிகளின் கையில் எண்ணைப் பச்சை குத்தும் வேலை பார்த்தவர், போருக்கு அப்புறம் ஆஸ்திரேலியாவில் குடியேறி 2006-இல் இறந்தார். கடைசி ஆண்டுகளில் நாவலாசிரியை அவரோடு நிறையப் பேசியிருக்கிறார். இதுவரை எல்லாம் சரி. நாவல் வெளிவந்த அதே ஆண்டில் ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர் வாண்டா விடெக்-மலிட்ஸ்கா அதைப் பக்கம் பக்கமாகச் சோதித்து ஒரு கட்டுரை எழுதினார். கதையில் லாலியின் காதலி கையில் குத்திய எண் ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை. ரயில் வந்த தடம் தப்பு. 1943 தொடக்கத்தில் காதலியின் நோய்க்குப் பென்சிலின் கிடைக்கிறது. அன்றைக்கு அந்த முகாமில் ஒரு கைதிக்குப் பென்சிலின் கிடைக்க வழியே கிடையாது. கடைசியில் அவர் சொன்னது, ஆவணம் என்ற வகையில் இந்த நூலுக்கு ஏறக்குறைய மதிப்பே இல்லை என்று.

இதில் ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அறுபது வருடம் கழித்து ஒரு முதியவர் நினைவிலிருந்து சொல்வதில் பிசகு வருவது இயல்பு. அதை வைத்து அவரைக் குறை சொல்வது அநியாயம். நம் வீட்டுத் தாத்தா சுதந்திரம் வந்த நாளைப் பற்றிச் சொல்வதில்கூட எத்தனை மாறும்? ஆனால் அதை வாங்கி எழுதுகிறவருக்கும் அட்டையில் "உண்மை" என்று அச்சடிக்கிறவருக்கும் சரிபார்க்கும் கடமை இருந்தது. சரிபார்க்க ஆவணம் இல்லாமல் இல்லை, எட்டும் தூரத்திலேயே இருந்தது. ஏமாற்றத்தை உரிய வாசலில் கொண்டுபோய் வையுங்கள்.

இனி சோதனை. முழு நாவலையும் அலச வேண்டாம், ஒரு நாள் முழுக்கப் போய்விடும். மூன்றே மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு தேதி, ஒரு இடம், ஒரு பொருள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் எழுதியவர் பெரும்பாலும் உழைத்திருக்கிறார். மூன்றில் இரண்டு தப்பென்றால் மீதியையும் சந்தேகப்படலாம். நான் வழக்கமாகப் பார்க்கும் இடங்கள் சில உண்டு.

நட்சத்திரம். வார்சா யூதச் சேரியில் கதை நடக்கிறது, எல்லாரும் நெஞ்சில் மஞ்சள் நட்சத்திரம் தைத்திருக்கிறார்கள் என்று வந்தால் நிறுத்துங்கள். வார்சாவில் 1939 டிசம்பரிலிருந்து கட்டாயமாக்கப்பட்டது கையில் கட்டும் வெள்ளைத் துணிப்பட்டை, அதில் நீல நட்சத்திரம். மஞ்சள் நட்சத்திரம் ஜெர்மனிக்குள் வந்தது 1941 செப்டம்பரில், நெதர்லாந்திலும் பிரான்ஸிலும் 1942-இல். ஆனால் உடனே "போலந்தில் மஞ்சள் நட்சத்திரமே கிடையாது" என்றும் சொல்லிவிடாதீர்கள், ஜெர்மனியோடு இணைத்துக்கொண்ட வூட்ஜ் நகரத்தில் மஞ்சள்தான். ஊர் ஊராக மாறும். அதனால்தான் இது நல்ல சோதனை.

எண். கையில் பச்சை குத்தியது ஆஷ்விட்ஸ் முகாம் தொகுதியில் மட்டும். ஜெர்மனியில் இருந்த டாஹாவ் முகாமிலோ பூஹென்வால்டு முகாமிலோ போய் இறங்கியதும் கதாநாயகனுக்குப் பச்சை குத்தினால் அது தப்பு. ஆஷ்விட்ஸிலும் எல்லாருக்கும் குத்தவில்லை. அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 13 லட்சம் பேர், பதிவு செய்து எண் கொடுக்கப்பட்டவர்கள் சுமார் 4 லட்சம். மற்றவர்களில் பெரும்பாலோர் வந்த அன்றே நச்சுவாயு அறைக்குப் போனார்கள், அவர்களுக்கு எண்ணும் இல்லை, முகாமில் பதிவும் இல்லை. நாவல்களில் எண் ஒரு அவமானச் சின்னமாக வரும், அது சரிதான், ஆனால் அங்கே எண் கிடைத்தவருக்கு இன்னும் சில நாள் உயிர் இருந்தது என்பதை எத்தனை நாவல் சொல்கிறது?

வாயு. ஸைக்லான் பி என்ற பூச்சிக்கொல்லியை எல்லா முகாமிலும் போட்டுவிடுவார்கள். ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்ஸெக் முகாம்களில் கொன்றது எஞ்சின் புகையால். ஆஷ்விட்ஸில்தான் ஸைக்லான் பி பெரிய அளவில் பயன்பட்டது.

"உழைப்பு விடுதலை தரும்" என்ற இரும்பெழுத்து வாசல் பழைய ஆஷ்விட்ஸ் முகாமுடையது, பிர்க்கெனாவில் கிடையாது. நாவலில் பாத்திரம் செங்கல் வளைவையும் அந்த எழுத்தையும் ஒரே வாசலில் பார்த்தால் எழுதியவர் இரண்டு அஞ்சலட்டைகளை ஒட்டிவிட்டார் என்று அர்த்தம். ஹிட்லரின் எஸ்.எஸ். படையைச் சேர்ந்த முகாம் மருத்துவர் மெங்கெலே, யாரைக் கொல்வது யாரை வேலைக்கு வைப்பது என்று 1942-இல் ஆள் பிரித்துக்கொண்டு நின்றால் அதுவும் தப்பு, அவர் ஆஷ்விட்ஸுக்கு வந்ததே 1943 மே மாதக் கடைசியில். ஏனோ எல்லா நாவலிலும் எல்லா ரயிலையும் அவரே வரவேற்கிறார், அந்த வேலையை முறைபோட்டுச் செய்த மற்ற எஸ்.எஸ். மருத்துவர்கள் யாரும் இருந்ததாகவே தெரிவதில்லை.

தமிழ் மொழிபெயர்ப்பில் படிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. டைஃபஸ் என்பதை டைஃபாய்டு என்று போட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேறு நோய்கள். டைஃபாய்டு கெட்ட தண்ணீரிலும் உணவிலும் பரவும், நமக்குப் பழக்கமானது. முகாம்களில் ஆயிரக்கணக்கில் கொன்றது பேன் மூலமாகப் பரவும் டைஃபஸ். தலையை மழித்தது, துணியை ஆவியில் வைத்தது, பேன் இருக்கிறதா என்று வரிசையில் நிற்கவைத்துப் பார்த்தது, எல்லாம் இந்த நோயை ஒட்டியவை, டைஃபாய்டு என்று மாற்றியதும் அந்தக் காட்சிகளுக்கு அர்த்தமே போய்விடும். இன்னொன்று "வதைமுகாம்" என்ற சொல். டாஹாவ் 1933-இலேயே தொடங்கிய வதைமுகாம். அங்கே அடைத்தார்கள், உழைக்கவைத்தார்கள், சாகவும் விட்டார்கள். ட்ரெப்ளிங்காவில் அடைப்பதற்கு இடமே பெரிதாக இல்லை, ரயிலில் வந்தவர்களை ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொல்வதற்காகக் கட்டியது அது. ஓராண்டுக்குச் சற்று கூடுதலான காலத்தில் சுமார் 9 லட்சம் பேர். இதைக் கொலைமுகாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் தப்பு நாவலாசிரியருடையதா மொழிபெயர்ப்பாளருடையதா என்று மூலத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது, பார்க்காமல் திட்டாதீர்கள். நான் ஒரு முறை திட்டிவிட்டு அசடு வழிந்திருக்கிறேன்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2006-இல் வந்த 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்' நாவலை வரலாறு படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் தவிர்க்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே சொன்னது. முகாம் தளபதியின் ஒன்பது வயது மகன் வேலிக்கு இந்தப் பக்கம், யூதச் சிறுவன் அந்தப் பக்கம், மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிறார்கள். மின்சாரம் பாய்ந்த வேலி, காவல் கோபுரங்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. இதைவிட எனக்கு வேடிக்கையாகப் பட்டது இன்னொன்று: பெர்லினில் வளர்ந்த அந்த ஜெர்மன் பையன் ஹிட்லரைக் குறிக்கும் ஃப்யூரர் என்ற சொல்லையே தப்பாகக் காதில் வாங்கி ஆங்கிலத்தில் மட்டும் பொருள் தரும் ஒரு சொல்லாக உச்சரிக்கிறான். யூதர் என்றால் யார் என்றே அவனுக்குத் தெரியாது. ஒரு எஸ்.எஸ். அதிகாரி வீட்டில், அந்தக் காலத்து ஜெர்மன் பள்ளியில் படித்த பையனுக்கு! பாடப்புத்தகத்திலேயே யூத வெறுப்பு இருந்த காலம் அது. முடிவில் நாம் அழுவது யாருக்காக? தவறுதலாக உள்ளே போய்விட்ட தளபதி மகனுக்காக. அவனோடு செத்த அந்த அறை முழுக்க இருந்தவர்களுக்குப் பெயரில்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டு, "ஆஷ்விட்ஸில் சிறுவர்களே உயிரோடு இருந்ததில்லை" என்று வாதாடக் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலான யூதக் குழந்தைகளை வந்த உடனே கொன்றார்கள் என்பது உண்மை. ஆனாலும் 1943 செப்டம்பரிலிருந்து செக் பகுதியில் இருந்த தெரேசியன்ஷ்டாட் யூதச் சேரியிலிருந்து கொண்டுவந்த குடும்பங்களுக்கென்று தனிப் பகுதி சில மாதம் இருந்தது, ரோமா (ஜிப்சி) குடும்பங்களுக்கு ஒரு பகுதி, மெங்கெலேயின் சோதனைக்கென்று வைத்த இரட்டையர்கள். 1945 ஜனவரி 27-இல் சோவியத் படை நுழைந்தபோது மிஞ்சியிருந்த சுமார் 7,000 பேரில் சில நூறு குழந்தைகளும் இருந்தார்கள். நாவலைத் திருத்தப் போய் நாமே ஒரு புதுத் தப்பைக் கிளப்பிவிடுவது ரொம்ப சுலபம்.

எங்கே போய்ச் சரிபார்ப்பது? வாஷிங்டனில் உள்ள அமெரிக்க இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் ஒரு கலைக்களஞ்சியத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, எளிய ஆங்கிலம், பத்தாம் வகுப்பு ஆங்கிலமே போதும். ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தின் தளம் அந்த ஒரு இடத்துக்கு. ஆட்களின் பெயரைத் தேட ஜெருசலேமின் யாத் வாஷெம் நினைவகம். ஜெர்மனியில் உள்ள அரோல்சன் ஆவணக் காப்பகம் கைதிகளின் அட்டைகளையும் போக்குவரத்துப் பட்டியல்களையும் படமெடுத்தே போட்டிருக்கிறது. ஒரு முறை உள்ளே போய், தட்டச்சில் வரிசையாக அடித்த பெயர்களைப் பாருங்கள், எந்த நாவலும் அந்த வேலையைச் செய்வதில்லை. தேடும்போது "இடம், மாதம், ஆண்டு" என்று தேடுங்கள். "இந்த நாவல் உண்மையா" என்று தேடினால் விளம்பரம்தான் வரும்.

இல்லையென்றால் அதைவிட மோசமானது வரும். இந்த எச்சரிக்கையை நிதானமாகப் படியுங்கள். வதைமுகாம் நாவலில் தப்பு, நினைவுக் குறிப்பில் பொய் என்று தேடப் போனால், இனப்படுகொலையே நடக்கவில்லை என்று சொல்லும் கும்பலின் பக்கங்களில் போய் விழுவீர்கள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசுவார்கள், அடிக்குறிப்புகூட இருக்கும். அவர்களுடைய தந்திரம் ஒன்றே ஒன்று: ஒரு தப்பைக் காட்டி மொத்தத்தையும் பொய் என்பது. டேவிட் இர்விங் என்ற ஆங்கிலேய எழுத்தாளர், தன்னை மறுப்பாளர் என்று எழுதியதற்காக வரலாற்றாசிரியை டெபோரா லிப்ஸ்டாட் மீது அவதூறு வழக்குப் போட்டு, 2000 ஏப்ரலில் லண்டனில் தோற்றார். அவர் ஆதாரங்களை வேண்டுமென்றே திரித்தார் என்றே தீர்ப்பு சொன்னது. தப்பான நாவல்களால் வரும் கேடும் இங்கேதான் இருக்கிறது, அந்தக் கும்பலுக்கு இவை இலவசத் தீனி. 1995-இல், குழந்தையாக இரண்டு முகாம்களில் இருந்ததாக ஒருவர் நினைவுக் குறிப்பு எழுதிப் பரிசுகள் வாங்கினார். அவர் ஸ்விட்சர்லாந்திலேயே பிறந்து வளர்ந்தவர், யூதரும் இல்லை என்பதை 1998-இல் ஒரு பத்திரிகையாளர் வெளியே கொண்டுவந்தார். இப்படிப்பட்ட பொய்களைப் பிடித்தவர்களில் பலர் இந்த வரலாற்றை ஆழ்ந்து படித்தவர்கள், தப்பியவர்களின் குடும்பத்துப் பிள்ளைகள். மறுப்பவர்கள் பிடிக்கவில்லை.

சரி, சோதித்தாகிவிட்டது, தேதிகள் எல்லாம் சரி, ஆனாலும் ஏமாற்றம் போகவில்லை என்றால் அது அந்த மூன்றாவது வகை. இதற்குக் கலைக்களஞ்சியம் உதவாது, இன்னொரு நாவல்தான் உதவும். நாவல் என்றால் கற்பனை இருக்கும், இருக்க வேண்டும். சோழர் காலத்து நாவலில் இல்லாத ஒரு இளவரசியை உண்டாக்கினால் நாம் ரசித்துத்தான் படிக்கிறோம். இங்கே நான் பார்ப்பது கற்பனை எதற்காக வேலை செய்கிறது என்பதை மட்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க நான் எல்லாருக்கும் சொல்வது இம்ரே கெர்தேஸின் 'ஃபேட்லெஸ்னெஸ்'. பதினான்கு வயதில் புடாபெஸ்டிலிருந்து ஆஷ்விட்ஸுக்கும் பிறகு பூஹென்வால்டுக்கும் கொண்டுபோகப்பட்டவர் அவர். நாவல் 1975-இல் வந்தது, முதலில் ஒரு பதிப்பகம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கைப்பிரதி அது, நோபல் கிடைத்தது 2002-இல். கதை சொல்லும் பையன் மேடையில் இறங்கியதும் கோடு போட்ட துணி உடுத்திய கைதிகளைப் பார்த்து, குற்றவாளிகள் போலிருக்கிறது என்று ஒதுங்குகிறான். பதினாறு வயது என்று சொல், பதினாறு என்று சொல் என்று அவர்கள்தான் பையன்களின் காதில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆள் பிரிக்கும் மருத்துவரைப் பார்த்ததும் அவனுக்கு நம்பிக்கை வருகிறது! வரிசையில் வருகிறவர்களை அவனும் மருத்துவர் கண்ணாலேயே பார்த்து, இவர் தேறுவார், இவர் தேறமாட்டார் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறான். நடக்கும் ஒவ்வொன்றும் அவனுக்கு "இயல்பாகவே" நடக்கிறது, அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்து நம்மை என்னவோ செய்யும். இது எல்லாம் எழுதியவர் கட்டியதுதான், புனைவுதான். ஆனால் ஒரு இடத்தில்கூட நமக்கு மூச்சு விட இடம் தருவதில்லை. நீங்கள் ஏமாந்த நாவலை இதன் பக்கத்தில் வைத்தால் எது குறைந்தது என்று உங்களுக்கே புலப்படும்.

ப்ரீமோ லெவியை நாவலுக்கு முன்பே படித்திருந்தால் நான் அந்தப் புத்தகக் கண்காட்சி நாவலை இருபதாம் பக்கத்தில் மூடியிருப்பேன். இத்தாலிய வேதியியலாளர், 1944 பிப்ரவரியிலிருந்து ஆஷ்விட்ஸ் தொகுதியைச் சேர்ந்த மோனோவிட்ஸ் முகாமில் எண் 174517. அவருடைய முதல் நூலும் பெரிய பதிப்பகத்தால் நிராகரிக்கப்பட்டு, 1947-இல் சிறு பதிப்பகத்தில் 2,500 பிரதிகள்தான் அச்சானது. அவர் எழுதுவது பெரும்பாலும் சூப்பு, ரொட்டி, செருப்பு. கைதிகளுக்குச் சூப்பு கொடுத்தார்கள், கரண்டி கொடுக்கவில்லை, வேண்டுமானால் ரொட்டியை விற்றுக் கரண்டி வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நாய் போல் நக்க வேண்டும். ஜெர்மானியர்கள் ஓடிப்போன பிறகு கிடங்கைத் திறந்து பார்த்தால் ஆயிரக்கணக்கில் புதுக் கரண்டிகள். இப்படி ஒரு விவரத்தைக் கற்பனையில் உட்கார்ந்து யாராலும் உண்டாக்க முடியாது என்று நினைக்கிறேன். பிற்காலத்தில் அவரே, தப்பியவர்களான நாங்கள் முழுமையான சாட்சிகள் அல்ல, அடி வரை போனவர்கள் திரும்பி வரவில்லை என்ற பொருளில் எழுதினார். தப்பிப் பிழைத்தவரைச் சுற்றியே கதை கட்டும் எல்லா நாவல்களையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்: திரும்பி வராதவர்களை இது என்ன செய்கிறது? பெயர் கொடுக்கிறதா, கூட்டமாக நிறுத்திவைக்கிறதா?

இன்னொரு வகை ஏமாற்றம் தானாகவே தீரும், ஆஷ்விட்ஸை விட்டு வெளியே வந்தால். கொல்லப்பட்ட 60 லட்சம் பேரில் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸில் சாகவில்லை. கீவ் நகரத்துக்கு வெளியே பாபி யார் பள்ளத்தில் 1941 செப்டம்பர் 29, 30 இரண்டே நாளில் 33,771 யூதர்களைச் சுட்டார்கள், எண்ணிக்கை கொலை செய்தவர்களே அனுப்பிய அறிக்கையில் இருப்பது. அங்கே வாசலும் இல்லை, கோடு போட்ட துணியும் இல்லை, அதனால் அட்டைப்படத்துக்கு உதவாது. பெல்ஸெக்கில் நான்கு லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டார்கள், உயிரோடு வந்து சாட்சி சொன்னவர்களை விரல் விட்டு எண்ணலாம். காதல் கதை எழுத அங்கே ஆள் மிஞ்சவில்லை.

வார்சாவுக்குள் போக விரும்பினால் எம்மானுவேல் ரிங்கெல்ப்ளூம் குழுவைத் தேடுங்கள். சேரிக்குள் அடைபட்ட ஒரு வரலாற்றாசிரியர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ரகசியமாக எல்லாவற்றையும் சேகரித்தார்: நாட்குறிப்பு, பள்ளிக் கட்டுரை, சுவரொட்டி, டிராம் டிக்கெட், மிட்டாய் சுற்றிய தாள்வரை. தகரப் பெட்டியிலும் பால் கேனிலும் போட்டுப் புதைத்தார்கள். ஒரு பகுதி 1946-இல் கிடைத்தது, இன்னொன்று 1950-இல், மூன்றாவது இன்றுவரை கிடைக்கவில்லை. ரிங்கெல்ப்ளூமை 1944 மார்ச்சில் குடும்பத்தோடு கொன்றார்கள். தங்கள் கதையைப் பின்னால் வருபவர் தப்பாகச் சொல்வார்கள் என்று அன்றைக்கே தெரிந்து வேலை செய்தவர்கள்.

கடைசியாக, உங்கள் ஏமாற்றத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தால் பக்க எண் போடுங்கள், எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள், சரியான தகவல் என்ன என்பதையும் கூடவே எழுதுங்கள். "வரலாறே தெரியாமல் எழுதியிருக்கிறார்" என்று ஒரு வரியில் முடிப்பது திட்டத்தான் உதவும். அந்த நாவலைப் படித்து அழுதவர்களைக் கிண்டல் செய்யாதீர்கள். பலருக்கு அதுதான் இந்த வரலாற்றுக்குள் போகும் முதல் கதவு, நானும் அப்படித்தான் போனேன்.

புத்தகத்தை என்ன செய்வது என்று கேட்டால், பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். நான் ஒரு பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினேன். ரயில் உள்ளே புகும் இடத்தில் "தண்டவாளம் 1944-இல்தான் வந்தது" என்று ஒரு வரி. மஞ்சள் நட்சத்திரம் வந்த இடத்தில் ஒரு வரி. காவலாளி இரக்கப்படும் இடத்தில் வெறும் கேள்விக்குறி. அப்புறம் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகளிடம் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து போன் செய்தாள். காதலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அத்தை, உள்ள வரலேன்னா அப்ப அவங்கல்லாம் எங்கதான் இறங்கினாங்க?"

அந்தப் பழைய சரக்கு மேடையின் படத்தைத் தேடி எடுத்து அனுப்பினேன். புல் முளைத்த ஒரு தடம், அதில் நிற்கும் பழைய சரக்குப் பெட்டிகள், கொஞ்சம் தள்ளி யாரோ வசிக்கும் வீடுகள்.